வெயில் வானமா, மழை வானமா

பாப்பா,

காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். நேற்று நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய். அடுப்பு மேல் எல்லாம் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். குழாய் ரிப்பேர்காரர் வருவார், வீட்டில் இரு.

"விமானம் ஓட்ட வெளிநாட்டுல கத்துக்கிறேன், அங்க வருஷம் பூரா வெயில், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாய். "இங்க ஓட்டணும்னா இந்த மழையிலதான் கத்துக்கணும்" என்று நான் கத்தினேன். அது உண்மைதான். ஆனால் மனசில் இன்னொன்றும் இருந்தது. இங்கே பறந்தால், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து நான் மைக்கில் சொல்லும் உத்தரவை விமானியாக நீ அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். வீட்டில்தான் என் பேச்சு எடுபடவில்லை, வானத்திலாவது எடுபடட்டுமே என்று ஒரு நப்பாசை.

அம்மா

பி.கு.: அந்த மைக்கில் "சாப்பிட்டியா?" என்று கேட்க முடியாது. போனில் கேட்கலாம். நீ வெளிநாட்டுக்கே போ.