உங்கள் கல்வெட்டும் அந்த எம்.பி.யின் வாக்கும்

அண்ணை,

நீங்கள் பீலெஃபெல்டில் பழைய பொருள் சந்தையில் வாங்கிய கறுப்புப் புத்தகம் இப்போது என் மேசையில் கிடக்கிறது. அக்கா நேற்று அதைக் கடைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். உங்கள் மனைவி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, எனக்கு அவர் எப்போதும் அக்காதான். நிலவறையில் கிடந்து ஈரம் குடித்த காகிதத்தின் மணம் அறை முழுக்க அடிக்கிறது. ஜன்னலைத் திறந்தேன். டோர்ட்மண்ட் மழை உள்ளே வந்தது. திரும்பச் சாத்திவிட்டேன். கல்வெட்டு எழுத உதவும் என்று அக்கா நினைத்திருக்கிறார். உதவவில்லை. எரிச்சலைத்தான் கிளப்புகிறது.

உங்கள் கல்வெட்டை நான்தான் எழுத வேண்டுமாம். வேறு யார் எழுதுவார்கள்? இந்த ஜெர்மன் நகரத்தில் எங்கள் ஆட்களில் யார் கண்ணை மூடினாலும், முப்பத்தோராம் நாள் வருகிறவர்கள் கையில் கொடுக்கிற, கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் அந்தச் சிறு நினைவுப் புத்தகத்துக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவது நான், பிழை பார்ப்பது நீங்கள். பல் வைத்தியரிடம் வேலை முடிந்து வந்து நான் தட்டச்சுச் செய்ததை, பண்டகசாலையில் வேலை முடிந்து வந்து நீங்கள் சிவப்புப் பேனாவால் கிழிப்பீர்கள். ‘சாந்த குணம் படைத்தவர்’ என்று நான் எழுதினால் போதும். “எந்தச் சாந்தம், பிள்ளை? மனிசன் கடைக்காரனுக்குக் கதிரையாலை எறிஞ்சவர்” என்பீர்கள். பிறகு வீட்டாரின் முகத்துக்காக விட்டுவிடுவோம். எத்தனை சண்டைக்காரரை இப்படிச் சாந்தமாக்கி அனுப்பியிருக்கிறோம்!

இந்தக் கறுப்புப் புத்தகமும் ஒரு கல்வெட்டுத்தான். நூறு வருடங்களுக்கு முன்னர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பதவியில் இருக்கும்போது இறந்தால், மற்ற உறுப்பினர்கள் எழுந்து புகழ்ந்து பேசியதை எல்லாம் தொகுத்து, படம் போட்டு, அட்டை கட்டி வெளியிடுவார்களாம். இந்த உறுப்பினர் பீலெஃபெல்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அதனால் ஒரு பிரதி கடல் கடந்து சொந்தக்காரரிடம் வந்து, அவர்களுடைய வீட்டைக் காலி செய்தபோது சந்தைக்குப் போய், இரண்டு சமையல் புத்தகங்களுக்கு நடுவில் உங்கள் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கராக இருந்த காலத்து ஆங்கிலத்தை வைத்து ஒரு கிழமையில் வாசித்து முடித்தீர்கள். அதன் பிறகு அவர் உங்கள் வாயில் ‘எங்கடை எம்.பி.’ ஆகிவிட்டார்.

தகப்பனோடு பதினொரு வயதில் கப்பல் ஏறினவர். நெசவாலை இரைச்சலில் ஒரு காது கேளாமல் போனவர். மாலை வகுப்பில் சட்டம் படித்து முதலில் மாநிலச் சபைக்கும், பிறகு வாஷிங்டனுக்கும் போனவர். சிறு பிள்ளைகளை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாது என்று வருடக் கணக்காகப் பேசித் தோற்று, கடைசியில் தன் மாநிலத்தில் மட்டும் வென்றவர். விவாதம் நடக்கும்போது கேட்கிற காதைச் சபாநாயகர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இருப்பாராம். அதை நீங்கள் நடித்தே காட்டுவீர்கள். அவருடைய வரலாற்றைத் தமிழில் எழுதவும் தொடங்கினீர்கள்.

உங்கள் மகனை இணையத்தில் தேட வைத்தபோதுதான் அந்த வாக்கு அகப்பட்டது. வருகிறவர்களுக்கு எல்லை போட்டு அமெரிக்கா கதவைச் சாத்திய சட்டத்துக்கு உங்கள் எம்.பி. ஆதரவாக வாக்களித்திருந்தார். பேசியும் இருந்தார். முன்னர் வந்தவர்கள் உழைத்துச் சேர்த்த நல்ல பெயரைப் பின்னால் வருகிறவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று. அன்று நீங்கள் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். கறுப்புப் புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி புரட்டிப் பார்த்தீர்கள். பதினான்கு பேர் பேசியிருந்தார்கள். மழையில் நின்ற யாருக்கோ அவர் குடையைக் கொடுத்ததைப் பற்றி மட்டும் இரண்டு பேர். அந்த வாக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. “நான் செத்தால் என்ரை கல்வெட்டிலை இப்பிடிப் பூசி மெழுகாதை, பிள்ளை” என்றீர்கள். நானும் ஓம் என்றேன். அந்த ஓமை நினைத்தால் இப்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு வருடம்கூடப் போகவில்லை. எங்கள் தெருவில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தைப் புதிதாக வந்த அகதிகளுக்கு விடுதியாக்க நகரசபை நினைத்தது. அதை எதிர்த்துக் கதவு கதவாக ஒரு கையெழுத்துத் தாள் வந்தது. என் கதவுக்கும் வந்தது. நான் போடமாட்டேன் என்று திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், ஏழாவது வரியில் உங்கள் கையெழுத்து.

நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: “முப்பது வருசமாய் எங்களை நல்ல ஆக்கள் எண்டு நினைச்சிருக்கிறாங்கள். இனி வாறவை ஏதும் செய்தால் எங்களையும் சேத்துத்தான் பாப்பாங்கள்.”

“அண்ணை, இது எம்.பி.யின்ரை பேச்செல்லோ” என்றேன்.

நீங்கள் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, உங்கள் மகள் அதே தெருவில் வீடு வாங்கியதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினீர்கள். நான் தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்தேன். எங்கள் ஆட்களிடையே அது சின்னக் காரியம் இல்லை என்று உங்களுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

பிறகு அந்தப் பள்ளிக்கூட மண்டபத்திலேயே ஊர்க் கூட்டம். ஜெர்மன் மொழியில் எழுதிய ஒன்றரைப் பக்கம் என் கையில் இருந்தது. நகரசபையிலிருந்து வந்த பெண், முன்பு அகதியாக வந்தவர்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டார். நான் இருந்த அதே வரிசையில் நீங்களும் அக்காவும் இருந்தீர்கள். ஜெர்மன்காரருக்கு முன்னால் எங்கள் ஆளை எதிர்த்துப் பேசுவதா, உங்களை நாலு பேர் பார்க்கத் தலைகுனிய வைப்பதா என்று யோசித்தேன். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிக்கூடம் இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. நான் வேலைக்குப் போகும் பஸ் அதற்கு முன்னால்தான் நிற்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் கல்வெட்டு வேலையைத் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை. உங்கள் எம்.பி. வரலாறும் அந்த வாக்குக்கு முந்திய பக்கத்தோடு நின்றுபோயிற்று. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாதாடியிருப்பீர்கள், வென்றும் இருப்பீர்கள். தோற்கவாவது எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கும். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இதுதான் எனக்கு ஆத்திரம்.

அச்சகத்துக்கு நாளைக் காலை கொடுக்க வேண்டும். எத்தனை குடும்பங்களுக்கு நீங்கள் அகதி அலுவலகப் படிவம் நிரப்பிக் கொடுத்தீர்கள், எத்தனை பேரோடு லீவு போட்டு விசாரணைக்குப் போனீர்கள் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. வாசிக்க வாசிக்க உங்கள் மேல் கோபம்தான் கூடியது. கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘எங்கள் தெருவில் அகதிகளுக்கு விடுதி வேண்டாம் என்ற தாளில் இவரும் கையெழுத்து வைத்தார்.’ பின்னேரம் அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அழுவார், ஏசுவார், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்பார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன்.

அக்கா அழவில்லை, ஏசவில்லை. “வைச்சவர்தான். போடு” என்றார்.

நான் நன்றி சொல்லி வைக்கப் போனேன். அவர் விடவில்லை. “அண்டைக்குக் கூட்டத்திலை நீ ஒரு கடுதாசியை மடிச்சுக் கைப்பைக்குள்ளை வைச்சனி. அவர் உன்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர். நீ எழும்புவாய் எண்டு. அதையும் போடு.”

எதற்காகப் பார்த்தீர்கள் அண்ணை? நான் எழுந்தால் மறுத்துப் பேசவா, சேர்ந்து எழும்பவா? அக்காவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

உங்கள் வரிக்குக் கீழே என் வரியையும் எழுதிவிட்டேன்: ‘அந்த மண்டபத்தில் இருந்தும் இதை எழுதுபவர் வாய் திறக்கவில்லை.’ செத்தவரின் கல்வெட்டில் உயிரோடு இருப்பவளின் குற்றம் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களுக்குச் சொல்ல ஏதாவது தேடிக்கொள்ளலாம். எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. ஒரே வரிசையில் இருந்தோம், அண்ணை. இடையில் மூன்று கதிரைதான். ஒரு தரம்கூட நான் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.