பதினேழாம் எண்ணுக்கு எதிரே

மார்ச் 4
பட்டியலில் இன்று இரண்டு நாவல்கள் சேர்த்தேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காதல் கதைப் பைத்தியங்களுக்காக எங்கள் நூலகத்தின் இணையப் பக்கத்தில் நான் நடத்தும் பட்டியல். எந்த வண்டிக்கு எத்தனை குதிரை, பிரபுவின் இரண்டாம் மகனுக்கு ஏன் சொத்து இல்லை — எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லோரும் முதலில் பார்ப்பது கடைசிக் கட்டத்தைத்தான். முடிவு: சுபம், அல்லது சோகம். அந்தக் கட்டம் அக்காவின் யோசனை. "அழறதுக்கு வாழ்க்கையில விஷயமா இல்ல? புஸ்தகத்துலயும் எதுக்குடி?" என்பாள்.

மார்ச் 9
அக்காவுக்கு மறுபடி மருத்துவமனை. மருந்து கேட்கவில்லை. எழுத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறதாம். சாயங்காலங்களில் அத்தான் வாசித்துக் காட்டுகிறார். பஸ் மெக்கானிக். செய்தித்தாள் தவிர வேறெதையும் படித்தறியாத மனிதர். என் பட்டியலில் சுபம் என்று பார்த்துப் பதினேழாம் எண் நாவலை எடுத்துப்போயிருக்கிறார். மூன்று பாகம். "முடிக்கிறதுக்குள்ள எழுந்து உட்கார்ந்துடுவா பாரு" என்றார்.

மார்ச் 15
ஒரு வாசகியின் கடிதம். 'பதினேழு சுபமா? கதாநாயகன் கப்பலோடு மூழ்கிப்போகிறான். நீங்கள் படித்தீர்களா?'

படிக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் நிச்சயதார்த்தம் ஆனது. அந்த வாரம்தான் அக்காவின் நோய் தெரிந்தது. மூன்றாம் பாகத்தைத் திறக்காமலே சுபம் போட்டுவிட்டேன். நிச்சயம் ஆகிட்டா கல்யாணம் ஆயிடுமா, மடச்சி?

மார்ச் 16
வேலை முடிந்ததும் ஓடினேன். அத்தான் டீ வாங்கப் போயிருந்தார். அக்கா தூங்குகிறாள் என்று நினைத்து மூன்றாம் பாகத்தைப் பையில் போட்டேன்.

"வைடி அதை."

"வேற ஒருத்தர் கேட்டாங்க —"

"உனக்குப் பொய் சொல்லவும் வராது. அவன் செத்துடுவான், தெரியும். நர்ஸை விட்டுக் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். உன் சுபத்தை நான் என்னிக்குடி நம்பினேன்?"

பட்டியலைத் திருத்தவேண்டும் என்றேன்.

"திருத்து. இப்ப வேண்டாம். அந்த மனுஷன் தினமும் உன் பட்டியலைத் திறந்து பார்த்துட்டுதான் வாசிக்க உட்கார்றார். நான் இருக்கிற வரைக்கும் சுபமாவே இருக்கட்டும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல்? மாடிப்படியில் நின்று அழுதேன்.

மார்ச் 17
வாசகிக்குப் பதில் போட்டேன்: தவறு என்னுடையது, கொஞ்ச நாளில் திருத்துகிறேன். எப்போது என்று கேட்டிருக்கிறாள். அதை எப்படி எழுதுவேன்?

மார்ச் 24
கதையில் நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. அத்தானுக்குக் குரலே மாறிப்போனது, பெண் வீட்டார் மாதிரி. அக்கா பாதியில் தூங்கிவிட்டாள். அவர் நிறுத்தவில்லை.

ஏப்ரல் 1
இரண்டு நாளாக அக்கா கண் திறக்கவில்லை. மூன்றாம் பாகம் தொடங்கியிருக்கிறார்.

ஏப்ரல் 19
அத்தான் நூலகத்துக்கு வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மூன்று பாகங்களையும் என் மேசையில் வைத்தார். மூன்றாவதில் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்.

"கப்பல் கிளம்புச்சு. அதோட நின்னுபோச்சு" என்றார். "திரும்பி வந்துடுவான்ல?"

"வந்துடுவான் அத்தான்."

"கல்யாணம்?"

"ஆயிடும்."

தலையாட்டிக்கொண்டே போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன். பிறகு பட்டியலைத் திறந்தேன்.

பதினேழு. முடிவு: சோகம்.