லிஃப்டுக்கு முன்னால் நிற்பவர்

மார்ச் 3, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸை ஃபிரேமில் மாட்டும்போது உடைத்துவிட்டேன். "கவனம் எங்கம்மா இருக்கு?" என்றார் முதலாளி. எங்கே இருக்கும், வீட்டில்தான். குடியை நிறுத்தும் மையத்திலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பி இரண்டு மாதமாகிறது. சாயங்காலம் வந்ததும், ஏதோ பேசுவதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்க்கிறேன். போலீஸ் நாய் தோற்றது. இன்று அவரே கேட்டுவிட்டார்: "என்ன, திருப்தியா?" சிரித்து மழுப்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

குடித்த காலத்தில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். இப்போது கண் அசந்தாலே அலறி எழுந்துகொள்கிறார். சட்டையெல்லாம் வியர்வை. குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றல்லவா இருந்தேன்?

மார்ச் 9, திங்கள்

மையத்து டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "குடி ஒரு நோய்தான்மா. ஆனா அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்கு. அத மறக்கத்தான் குடிச்சிருக்கார். குடி போனதும் அது மேல வந்துடுச்சு. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பாக்கணும்."

இவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்தவர் இவர் கண்ணெதிரே லிஃப்ட் குழியில் விழுந்து இறந்தார். சாவு வீட்டுக்குப் போனோம், அழுதோம், வந்தோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கம்பெனியில் கேட்டுக் கிடங்கு வேலைக்கு மாறினார். அன்றுமுதல் எங்கள் ஆறாவது மாடிக்குப் படியேறித்தான் வருகிறார். உடம்பைக் குறைக்கிறார் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். மக்கு, மக்கு.

மார்ச் 12, வியாழன்

மூன்று நாளாகத் தாமதம். பால்கனியிலிருந்து பார்க்கிறேன் – பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கட்டடத்துக்குள்தான் நுழைகிறார். மேலே வர அரைமணி ஆகிறது. கீழே யாராவது வாங்கிவைத்துக் கொடுக்கிறார்களா? வாடையும் இல்லையே?

நாத்தனாரிடம் போனில் புலம்பினேன். "குடிகாரன் பேச்சு, விடிஞ்சா போச்சு" என்றார். சொந்தத் தம்பியை! பட்டென்று போனை வைத்தேன். வைத்தேனே தவிர, அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்று, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வெறுங்காலோடு படியிறங்கினேன்.

கீழே லிஃப்டுக்கு முன்னால் நிற்கிறார். கதவு திறக்கிறது. மூடுகிறது. மறுபடி பட்டனை அழுத்துகிறார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. உள்ளே ஏறிய பக்கத்து வீட்டுக்காரர், "வரலையா?" என்றார். "நீங்க போங்க, ஒருத்தர் வரணும்" என்கிறார் இவர்.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். "டாக்டர் தினம் இப்படி நின்னு பழகச் சொன்னாங்க. ஏறினப்புறம் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

அய்யோ, நான் என்னென்ன நெனச்சேன்! அங்கயே படியில உக்காந்து ஓன்னு அழுதேன். அவர்தான் முதுகைத் தடவித் தேற்றினார். யாரை யார் தேற்றுவது, கஷ்டகாலம்.

மார்ச் 14, சனி

இனிமேல் மோந்து பார்க்க மாட்டேன் என்று சொன்னேன்.

"பழகின பழக்கம், சட்டுனு விட்டா கை நடுங்கும். மெதுவா விடு" என்றார்.

மார்ச் 21, சனி

குடித்துவிட்டு வந்தார். வாசலிலேயே நின்று, "குடிச்சிட்டேன்" என்றார். கதவைச் சாத்திவிடலாமா என்றிருந்தது. ஆனால், சொல்லிவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டதும் அவரேதான். சாப்பாடு போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

சாயங்காலம் போன் வந்தது: "கொஞ்சம் கீழ வர்றியா?"

சேர்ந்து ஏறினோம். கதவு மூடியதும் என் கையைப் பிடித்தார். வலித்தது, சொல்லவில்லை. மூன்றாவது மாடி தாண்டும்போது பேசினார். நான்கு வருடத்தில் அதைப் பற்றி என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

"அவன் கை என் கையிலதான் இருந்துச்சு. வழுக்கிடுச்சு. நான் விடல."

"நீங்க விட்டிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்" என்றேன்.

அழுதார். நானும்தான். ஆறாவது மாடி வந்தது, கதவு திறந்தது. இருவருமே இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. கீழே யாரோ பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். கையைப் பிடித்தபடியே மறுபடி கீழே போனோம்.