எரியாது என்று நினைத்த குண்டு

மார்ச் 4

ஆறாவது தடவையும் எரியவில்லை.

பறக்கிற குண்டுக்குப் பின்னால் காற்று இல்லாத இடம் ஒன்று உண்டாகி, அதுவே குண்டைப் பின்னுக்கு இழுக்கிறது. அடியில் சின்னதாக ஒரு எரிகலம் வைத்து, அந்த இடத்தைப் புகையால் நிரப்பினால் இழுவை குறையும். அதே பீரங்கி, இன்னும் ஆறு கிலோமீட்டர். காகிதத்தில் ஜம்மென்று போகிறது. மூன்று வருஷமாகக் காகிதத்தில்தான் போகிறது.

"இன்னைக்காவது எரிஞ்சுதா?" என்றாள் மனைவி. கத்தினேன். "சரி, நீங்களாவது எரியறீங்களே" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 11

நாளைக்கு ஏழாவது சோதனை. அபாய எல்லைத் தாள் என் பொறுப்பு: குண்டு அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும், எந்தெந்த வீட்டில் ஆட்களை வெளியேற்ற வேண்டும். அதைப் பார்த்துத்தான் கொடிக்காரர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி, சிவப்புக் கொடி கட்டுவார்.

எரிந்தால் போகும் தூரத்தை எழுதினால், ஓடைக்கு அந்தப் பக்கம் பதினான்கு வீடுகள் சேரும். அனுமதிக்கு இன்னும் நாலு நாள். எங்கே எரியப் போகிறது? பழைய தாளில் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 12

எரிந்தது.

ரேடார் திரையில் புள்ளி இறங்கவே மாட்டேன் என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் — நான் தாளில் போட்ட எல்லையை அது தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே. சீ, என்ன கை இது!

அப்புறம் போன் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. வெடிமருந்து இல்லாத சோதனைக் குண்டுதான். ஆனால் நாற்பது கிலோ இரும்பு. கூரையைப் பிய்த்து, கட்டிலை இரண்டாக முறித்து, மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அந்த வீட்டம்மாவின் பெண் குழந்தை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதில்தான் தூங்குமாம். இன்றைக்கு ஏதோ பரீட்சை என்று அங்கேயே இருந்திருக்கிறது.

மார்ச் 15

கொடிக்காரரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அந்த வீடுகளுக்கு ஏன் போகவில்லை என்று.

வேலை முடிந்ததும் அவர் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். அவருடையது, என்னுடையது, இரண்டு பிரதியும் என் இழுப்பறையில் இருக்கிறது. "தாள் எங்கே?" என்றார் இயக்குநர். "தேடிப் பார்க்கிறேன் சார்" என்றேன். தேடவா? முழங்கால் அந்த இழுப்பறையில் இடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 16

வாசல் கேட்டில் கொடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். "சார், நான்தான் ஏதாவது வீட்டை விட்டுட்டேனா? யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. உங்க தாள்ல தப்பு இருக்காதுன்னு எனக்குத் தெரியும்."

தலையாட்டினேன். ஐயோ, தலையாட்டினேனே! செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 17

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"கைதட்டினீங்களா?"

மார்ச் 18

இரண்டு பிரதியையும் இயக்குநர் மேசையில் வைத்தேன். "இது எரியும்னு எனக்கே நம்பிக்கை இருக்கலை சார்."

"மூணு வருஷமா எரியும் எரியும்னு எழுதிக் குடுத்தது யாரு?"



ஏப்ரல் 21

கொடிக்காரர் வேலைக்குத் திரும்பிவிட்டார். என்னை அவர் பிரிவுக்கே மாற்றியிருக்கிறார்கள். இன்றைக்கு எட்டாவது சோதனை. மடியில் கொடிக் கட்டோடு அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "முடிச்சை இறுக்கிப் போடுங்க சார், காத்துல அவுந்துடும்" — அவ்வளவுதான்.

ஐந்தாவது வீடு, அந்த வீடு. புதுத் தகரம், புதுக் கட்டில். அந்தப் பெண் குழந்தை என் கையிலிருந்த கொடியைத் தொட்டுப் பார்த்தது. அந்தம்மாவிடம் நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டே கேட்டார்:

"எனக்கு வந்து சொல்லிட்டீங்க, சரி. நிஜமா சுடறப்ப, அது போய் விழற இடத்துல இருக்கிறவங்களுக்கு யாருங்க வந்து சொல்லுவாங்க?"

மூன்று வருஷம் அந்த ஆறு கிலோமீட்டரைக் கணக்குப் போட்டவன் நான். கொடியை அவர் வாசலில் கட்டி, முடிச்சை இறுக்கினேன்.

"ஏறுங்க சார், இன்னும் ஒன்பது வீடு இருக்கு" என்றார் கொடிக்காரர். ஏறிக்கொண்டேன்.