அக்கா கொடுத்த இடம்

சிங்கப்பூர்,
12.11.1998

அன்புள்ள மயிலம்மாள் அக்காவுக்கு,

முத்தாயி எழுதுவது. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நாளாகிறது. சிரம்பான் ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு உங்கள் குறட்டையைத் திட்டினேன். இப்போது அது இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

நம் இருவர் ரத்தத்திலும் இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டியிருக்கின்றன என்றார்களே, ரத்தப் புற்றைக் கொண்டுவந்த அந்தக் கோளாறுக்கென்றே செய்த புது மாத்திரை இது. ஊசி கேட்காமல் போனவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். இருந்தது ஒரே இடம். "எனக்குப் பேரன் பேத்தி எடுத்தாச்சு. ஒனக்கு மூணு புள்ளைங்க. நீ போ" என்று அதை எனக்குத் தந்தீர்கள். எந்த ஜென்மத்தில் மறப்பேன்?

நாங்கள் முதல் குழுவாம். உடம்பு தாங்குகிறதா என்று பார்க்க, ரொம்பக் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார்கள். பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை,
முத்தாயி

கெமாஸ்,
3.1.1999

அன்புத் தங்கச்சிக்கு,

குறட்டை விட்டது நீ. வார்டே சாட்சி.

வயிறு வீங்கிவிட்டது. ரப்பர் பால் வாளி தூக்க முடியவில்லை என்று, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் என்னைப் புல் வெட்ட அனுப்பிவிட்டார். தெற்கே உன் பக்கம் போகிற ரயிலைப் பார்த்தால் ஏறிவிடலாமா என்றிருக்கிறது. உன்னோடு பேசினதுபோல் என் கூடப் பிறந்தவர்களோடும் நான் பேசியதில்லை. நீ குணமாகி வா, எனக்கு அது போதும்.

அக்கா,
மயிலம்மாள்

சிங்கப்பூர்,
20.2.1999

அன்பு அக்காவுக்கு,

மாத்திரை எனக்குக் கேட்கவில்லை. வெள்ளை அணு ஏறிக்கொண்டே போய், நோய் முற்றிவிட்டது. இனி இங்கே வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி நீலாவதி நம் ஆள். தனியாக அழைத்துச் சொன்னாள்: "அடுத்த குழுவுக்குப் பல மடங்கு கூட்டிக் குடுக்கப் போறாங்க. அதுதான் கேக்கும்னு டாக்டருங்க நம்புறாங்க." உங்கள் பெயரை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கூப்பிட்டால் அடம் பிடிக்காமல் வாருங்கள்.

முத்தாயி

சிங்கப்பூர்,
9.5.1999

தங்கச்சி முத்தாயிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றே வாரத்தில் என் ரத்தம் சரியாகிவிட்டது. வயிறு வற்றிவிட்டது. டாக்டர் கைகொடுத்தார். நான் அழுதேன், சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

உனக்கு உயிர் கொடுப்பதாக நினைத்து, பலிக்காத அந்தக் குறைந்த அளவு மாத்திரைக்கு உன்னைத் தள்ளிவிட்டேனே. முதல் குழுவுக்கு நானே போயிருந்தால் நீயல்லவா இந்தக் கட்டிலில் இருந்திருப்பாய்? சோறு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

மயிலம்மாள்

சுவா,
17.5.1999

அன்பு அக்காவுக்கு,

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்காகச் சாப்பிடுங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. அன்றைக்கு நீங்கள் இடத்தைக் கொடுத்தபோது, "வேணாங்கா, நீங்க போங்க" என்று வாய் வார்த்தைக்குக்கூட நான் சொல்லவில்லை. நீங்கள் மனம் மாறிவிடுவீர்களோ என்று அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் செத்தாலும் பரவாயில்லை, நான் பிழைக்க வேண்டும் என்றுதான் போட்டேன். ஆறு மாதமாக இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது பொறாமையாகவும் இருக்கிறது, மறைக்கவில்லை. அதைவிட உங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம்தான் பெரிதாக இருக்கிறது. ரயிலில் வந்து சிரம்பானில் இறங்கி, சுவாவுக்குப் பஸ் ஏறுங்கள். பெரியவள் சாலையில் வந்து நிற்பாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று கடிதத்தில் எழுத வேண்டாம். நேரில் வந்து சொல்லுங்கள் அக்கா. கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள்.

முத்தாயி