உங்கள் அம்பாசடருக்குப் பெரிய இன்ஜின்

முன் சீட்டில் எப்போதும் எனக்கு இடம் வைத்திருந்த அப்பாவுக்கு,

வண்டியை விற்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேற்கொண்டு எதுவும் உங்கள் காதில் ஏறாது. அல்வாலில் நம் காலனியில், அதே வேப்பமரத்தின் கீழ்தான் நிற்கிறது. ஆனால் பானெட்டைத் திறந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. உங்கள் பழைய இன்ஜினை எடுத்துவிட்டேன் அப்பா. பிந்தைய அம்பாசடர்களில் வந்ததே, அந்த ஆயிரத்து எண்ணூறு சிசி இன்ஜின், அதை உட்காரவைத்திருக்கிறேன். செகண்ட் ஹாண்ட்தான். பின்பக்கம் லாரி மோதி நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து எடுத்தது.

பெட்ரோல் குடிக்குமே என்பீர்கள். குடிக்கிறது. ஆனால் நான் வேகத்துக்காக இதைச் செய்யவில்லை. உங்கள் நினைவைப் போற்றுவதற்காகவும் இல்லை. சந்தானம் அங்கிளுக்காகச் செய்தேன்.

உங்கள் ஆபீஸ், நம் பக்கத்துத் தெரு, உங்கள் வண்டியின் பின் சீட்டு, மூன்றிலும் எத்தனையோ வருஷம் உங்களோடு இருந்தவர் அவர். தினமும் காலையில் நீங்கள் வண்டியைச் சூடாக்கிக்கொண்டு அவர் வாசலில் காத்திருப்பீர்கள். அவர் நிதானமாக ஷூ லேஸ் கட்டிக்கொண்டு வருவார். பிறகு அதே ஆபீசில் இருந்த ஜோசப் அங்கிளையும் ஏற்றிக்கொள்வீர்கள். மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது அவர்களைச் சுமந்துதானே?

கார்த்திகை மாதம் வந்தால் காலனித் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கீசரகுட்டா மலைக்கோயிலுக்கு வனபோஜனம் போகும், நெல்லி மரத்தடியில் சேர்ந்து சாப்பிட. சாம்பார் அண்டா, சோற்றுப் பாத்திரம், ஜமக்காளம் எல்லாம் நம் டிக்கியில். அடிவாரம்வரை ஒழுங்காக வரும் வண்டி, மேட்டைப் பார்த்ததும் புகையைக் கக்கி நின்றுவிடும். உடனே சந்தானம் அங்கிள் சிட்டி பஸ் கண்டக்டர் மாதிரி கதவைத் தட்டி, உருதுவில் “உத்ரோ, உத்ரோ! சப் உத்ரோ!” என்று கத்துவார். எல்லாரும் இறங்கி, சிரித்துக்கொண்டே நடந்து ஏறுவார்கள். நீங்கள் மட்டும் ஃபர்ஸ்ட் கியரில், அண்டாவோடு, தனியாக.

இறங்கு என்ற அந்த ஒரு வார்த்தை உங்கள் பெயராகிப்போனது. உத்ரோ சார். பால்காரருக்குக்கூட நீங்கள் உத்ரோ சார்தான். நீங்கள் ரிட்டயர் ஆன அன்று உங்களுக்கு மாலை போட்டு, மைக் பிடித்து, சந்தானம் அங்கிள் அதே கதையை நடித்துக் காட்டினார். எல்லாரோடும் சேர்ந்து நீங்களும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள். வலித்ததா அப்பா? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

அதையெல்லாம்கூட நான் விட்டிருப்பேன். உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததைத்தான் விட முடியவில்லை. வாசலில் ஷாமியானா போட்டுப் பந்தி நடந்தது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். சந்தானம் அங்கிள் பாயசத்தை இலையிலிருந்து வழித்தபடி பக்கத்து ஆளிடம் சொன்னார்: “வாழ்நாள் பூரா நம்மளை இறக்கிவிட்ட மனுஷன், கடைசில தானே இறங்கிட்டார் பாரு.” அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் டம்ளரை என் பக்கம் நீட்டினார். நான் ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அன்று முடிவுசெய்தேன். அதே மேட்டில், அதே வண்டியில், அவரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒருவரும் இறங்காமல் வண்டி உச்சிக்குப் போக வேண்டும். அதைப் பார்த்த பிறகு, உங்கள்மேல் ஒட்டவைத்த பெயரை அவர் வாயாலேயே உரித்தெடுக்க வேண்டும்.

ஆனால் தலைதிவசம் முடியும்வரை மலைக்கோயில் ஏறக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். நல்லதுதான், எனக்கும் வேலை இருந்தது. போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் யாதகிரி என்று ஒரு மெக்கானிக். தக்காளி லாரிகளுக்கு நடுவே புகுந்துதான் அவர் ஷெட்டுக்குப் போக வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, தெலுங்கில் கேட்டார்:

“பந்தயத்துக்கு ஏதாவது போறீங்களா மேடம்?”

“இல்லை, கோயிலுக்கு.”

“கோயிலுக்கா? இவ்வளவு பெரிய இன்ஜினோடயா?”

“மலைமேல இருக்கிற கோயில்.”

“அப்போ ஆட்டோ பிடிங்க மேடம், சாமி கோவிச்சுக்காது” என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து ஜாக்கியை எடுத்தார்.

ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றவர் மாதக்கணக்கில் இழுத்தார். இன்ஜின் பெரிது, அதனோடு வந்த கியர்பாக்ஸும் வேறு. அதைத் தாங்குவதற்குப் புதிதாக இரும்புப் பட்டை வெட்டி வெல்டு வைத்தார். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை அளந்து குறைக்க வேண்டியிருந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த உங்கள் கை கியர் போய்விட்டது. தரையை வெட்டித்தான் புது கியர் கம்பியை மேலே கொண்டுவந்தோம். வெட்டும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். எல்லாம் முடிந்து முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று, ரயில்வே பாலத்தின் நடுவில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பிவிட்டது. சின்ன இன்ஜினுக்கு வைத்த ரேடியேட்டர், பெரியதன் சூட்டைத் தாங்கவில்லை. பாலத்தின் ஓரமாக நின்று, இது சந்தானம் அங்கிள் கண்முன்னால் நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். பெரிய ரேடியேட்டர் போட்டோம். பிரேக்கையும் புதிதாக மாற்றினோம்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் புது இன்ஜின் நம்பரைப் பதிவுசெய்யப் போனபோது அந்த அதிகாரி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஐ.டி.யில வேலைன்னு சொல்றீங்க, புது கார் வாங்கலாமேம்மா” என்றார். ஆபீசிலும் அதையேதான் கேட்டார்கள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

கார்த்திகை வந்தது. சந்தானம் அங்கிளுக்கு இப்போது வலது முட்டி சரியில்லை. அவர் மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ் என்று காரை எடுத்துக்கொண்டு கச்சிபௌலி போய்விட்டான். நானே போன் செய்தேன். “நம்ம வண்டியில வாங்க அங்கிள்.” எவ்வளவு இனிமையாகப் பேசினேன் தெரியுமா? நீங்கள் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பீர்கள்.

அம்மா முன்னால், சந்தானம் அங்கிளும் ஜோசப் அங்கிளும் பின்னால். டிக்கியில் அண்டா. கீசரா பக்கம் ரிங் ரோடுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரே புழுதி. அடிவாரம் வந்ததும் ஒன்று நடந்தது அப்பா. நான் வேகத்தைக் குறைக்கும்போதே பின்கதவு திறக்கும் சத்தம். திரும்பினால், சந்தானம் அங்கிள் அந்த முட்டியோடு ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். இத்தனை வருஷப் பழக்கம், அவர் கால் தானாகவே இறங்கிவிட்டது.

“யாரும் இறங்க வேண்டாம் அங்கிள். கதவைச் சாத்துங்க.”

செகண்ட் கியரில் ஏறினேன். ஒரு இருமல் இல்லை, புகை இல்லை. முதல் வளைவு தாண்டியதும் அவர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அரே! என்ன இழுப்பு இழுக்குது மா! உத்ரோ சார் மட்டும் இதைப் பார்த்திருந்தா...”

அந்த இடத்திலேயே நிறுத்தினேன். மேட்டின் நடுவில். ஹாண்ட்பிரேக் போட்டேன்.

“யார் பார்த்திருந்தா, அங்கிள்?”

“உங்கப்பாதான் மா. நம்ம உத்ரோ...”

“எங்கப்பா பேர் என்ன?”

“என்ன மா இது, சுப்பையா எனக்குத் தம்பி மாதிரி. அது சும்மா தமாஷுக்கு.”

“பதினாறாம் நாள் பந்தியில சொன்னதும் தமாஷா?”

“என்ன சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே.”

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. ஜோசப் அங்கிள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: “கடைசில தானே இறங்கிட்டார்னு சொன்ன. நானும் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.”

சந்தானம் அங்கிளின் முகம் சிவந்தது. “துக்க வீட்டுல நாலு பேர் லேசாகட்டுமேன்னு ஏதோ சொல்லியிருப்பேன். அதை மனசுல வச்சிக்கிட்டு, நடு ரோட்டுல நிறுத்தி விசாரணையா? நக்கோ மா, வேண்டாம். இந்தச் சவாரியே எனக்கு நக்கோ. நான் நடந்தே போறேன்.” கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். யார் சண்டை போட்டாலும் நடுவில் புகுந்து காப்பி கொடுத்துச் சமாதானம் செய்கிறவள். இப்போதும் கூப்பிட்டு உட்காரவைப்பாள் என்றுதான் நினைத்தேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“விடுட்டி, நடந்தே வரட்டும். அவுகளுக்குப் பழக்கந்தான.” கொஞ்சம் கழித்து, “எனக்கும் அன்னைக்குக் கேட்டுது. ஜன்னல் ஓரத்துலதான் உக்காந்திருந்தேன்” என்றாள்.

ஜோசப் அங்கிள் அவசரமாக, “நான் இறங்கல மா” என்றார்.

ஹாண்ட்பிரேக்கை எடுத்து உச்சிவரை ஓட்டினேன். சந்தானம் அங்கிள் மேலே வந்து சேர்ந்தபோது நெல்லி மரத்தடியில் இரண்டாவது பந்தி முடியும் நேரம். சட்டை நனைந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரோ கேட்டார்கள்: “என்ன சார், வண்டி மக்கர் பண்ணிடுச்சா?”

“வண்டியெல்லாம் நல்லாத்தான் ஏறிச்சு. நான்தான் இறங்கிட்டேன்.”

அம்மாவுக்கு அடுத்த இலையிலிருந்து ஒரு மாமி சொன்னாள்: “வண்டி ஏறிடுத்து, இவர் இறங்கிட்டாரா? அப்போ இனிமே இவர்தான் உத்ரோ சார்!” எழுந்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்குகள் சிதறி ஓடின. அவரும் சிரிக்கப் பார்த்தார். உங்களைப் போல அவருக்கு அது வரவில்லை.

நான் படித்த கதைகளில், பழி தீர்த்தவர்கள் எல்லாம் கடைசியில் வெறுமையாக நிற்பார்கள். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. பசித்தது. இரண்டு தடவை புளியோதரை வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது காலனியில் உத்ரோ சார் என்றால் அவர்தான். வாட்ச்மேன் சொல்கிறான், இஸ்திரிக்காரர் சொல்கிறார். உங்களைப் பற்றிப் பேசும்போது சுப்பையா சார் என்கிறார்கள். உங்கள் பெயர் உங்களுக்குத் திரும்பி வந்துவிட்டது அப்பா. வயதானவரை இப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. கேளுங்கள். உயிரோடு இருந்திருந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, அவரைத் தாங்கிக்கொண்டே மேலே நடந்திருப்பீர்கள். உங்களிடம் அவருக்கு இருந்த தைரியமே அதுதான்.

போன வாரம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். பள்ளி வேன் நிற்கும் இடத்தில் சந்தானம் அங்கிளின் பேத்தி நின்றிருந்தாள். இரண்டு பையன்கள் அவள் பையை இழுத்து, உத்ரோ கி போத்தி, உத்ரோவின் பேத்தி என்று பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களிடம் நான் சொல்லாமலே விட்ட ஒன்று இருக்கிறது. பள்ளி பஸ்ஸில் என்னை உத்ரோ கி பேட்டி, உத்ரோவின் மகள் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் நிற்கும்போதெல்லாம் எல்லாருமாகச் சேர்ந்து கத்துவார்கள். உங்களிடம் சொன்னால் மறுநாளே வண்டியை விற்றுவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை.

வண்டியை ஓரம்கட்டிவிட்டு அந்தப் பையன்களிடம் போனேன். “இவ பேர் என்ன?” என்று கேட்டேன். “ஸ்ருதி, ஆன்ட்டி” என்றான் ஒருவன். “அப்படின்னா அப்படிக் கூப்பிடு. வேற ஏதாவது என் காதுல விழுந்தா உங்க வீட்டுக்கு வருவேன்.” இரண்டு பேரும் வேனுக்குள் ஏறி ஒளிந்துகொண்டார்கள். அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

அவள் தாத்தாவை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பெயர் அவர் செய்தது, அவரே சுமக்கட்டும். அவர் முட்டி வலிக்கு நான் பொறுப்பில்லை, இனி அவர் வாசலில் இந்த வண்டி காத்து நிற்காது. ஆனால் அந்தப் பெண்மேல் அது ஒட்ட விடமாட்டேன். தினமும் வேன் வரும் நேரத்துக்கு நான் அங்கே இருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

யாரையும் எளிதில் விட்டுவிடத் தெரியாத,
உங்கள் மகள்