கலியாணக் கம்பத்தில் தொங்கிய எஞ்சின்

ஹிந்தகல,
திங்கள் காலை

அன்பு மகன் ஆகிபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவின் வெயிலிலிருந்தும் அதைவிடப் பொல்லாத ஏசிக் குளிரிலிருந்தும் அல்லாஹ் உன்னைக் காப்பானாக. இங்கே நான், உன் வாப்பா, தங்கச்சி ரிப்கா மூவரும் சுகம். சுகம் என்பதோடு நிறுத்த முடியவில்லை, நேற்றிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தேத்தண்ணி ஊற்றும்போது சிரிக்கிறேன், உடுப்புக் காயப் போடும்போது சிரிக்கிறேன். போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்டுக் கதையைக் கெடுப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், இதுவரை வாப்பாவைத் தவிர யாரிடமும் சொல்லாத ஒன்று. பேராதனையில் சனிக்கிழமைகளில் நடக்கும் பட்டப்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. உன்னை வயிற்றில் சுமந்தபோது மூடி வைத்த பாடப்புத்தகத்தை முப்பத்தொன்பது வயதில் திறக்கப் போகிறேன். உன் மாமிமாருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். வாப்பா தடுக்கவில்லை, ஆனால் வகுப்பு விட ஆறு மணியாகும், அந்த நேரத்துக் கலஹா பஸ் நினைத்தால்தான் வரும், “இருட்டில் நீ ரோட்டில் நின்றால் எனக்கு வீட்டில் இருக்க ஏலாது, காரில் போவதென்றால் போ” என்றார். லைசன்ஸ் எடுத்துவிட்டேன். கார்தான் மூன்று மாதமாகப் புகையைக் கக்கிவிட்டு முற்றத்தில் படுத்திருந்தது. பிலிமத்தலாவை கராஜ் அரூஸ் பாஸ், ஞாயிறு அஸர் தொழுகைக்கு முன் எஞ்சினைக் கழற்றிக் கொண்டு வந்தால் வியாழனுக்குள் செய்து தானே வந்து பூட்டித் தருவதாகவும், தவறினால் வெள்ளிக்கிழமை உம்ராவுக்குப் போய் வந்த பிறகுதான் என்றும் சொல்லிவிட்டார். வரும் சனி முதல் வகுப்பு. முதல் மாதமே வராதவர்களின் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் இறக்கத்தில் காரைக் கயிறு கட்டி இழுக்க எவருக்கும் துணிவில்லை, ஆகவே வீட்டிலேயே கழற்றுவது என்று முடிவானது.

வாப்பாவின் வாடகைக் கூடாரங்களுக்கான பெரிய பைப்புகள் இருக்கின்றனவே, மணமேடைக்கு மேல் நிறுத்துவது, அவற்றை இரண்டு பக்கமும் கால் கட்டி, குறுக்கே இரண்டைச் சேர்த்துப் போட்டார். பக்கத்து வீட்டு நிரஞ்சன் தேயிலைத் தொழிற்சாலையில் கேட்டு பாரம் தூக்கும் செயின் புளொக் ஒன்று கொண்டு வந்தார். நான் பழைய திருத்தக் கையேடு ஒன்றை மூன்று இரவு வாசித்து, கழற்றும் ஒவ்வொரு வயருக்கும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதினேன். ரிப்கா, “உம்மா காருக்கு உரை எழுதுறா” என்று கேலி செய்தாள். பொனட், ரேடியேட்டர், குழாய்கள் எல்லாம் கழன்றன. நிரஞ்சன் சங்கிலியை இழுத்தார். எஞ்சின் எழும்பியது, கூடவே காரும் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு எழும்பியது! “அண்ணே, காரு பறக்கப் பாக்குது, எறக்குங்க எறக்குங்க” என்று நிரஞ்சன் தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டு இறக்கினார். கையேட்டின் படத்தைப் பார்த்து எண்ணினேன், ஒரு போல்ட்டை மறந்திருந்தோம். அதையும் கழற்றியதும் எஞ்சின் தனியாக வந்தது. காரைப் பின்னால் தள்ளிவிட்டோம். முற்றத்தின் நடுவில் கறுப்பாக, எண்ணெய் சொட்டச் சொட்ட, மெல்ல ஆடிக்கொண்டு அது தொங்கியது. நான் கைதட்டினேன் மகன், சின்னப் பிள்ளை மாதிரி.

கைதட்டி முடியவில்லை, ஒரு லொறி வந்து நின்றது. பிலிமத்தலாவை ஃபாஸில் இறங்கினான், இன்று அவன் தங்கச்சிக்குக் கலியாணம். “முஹ்ஸின் நாநா, பைப்பக் காணல்லயே, உம்மா வீட்டுல கத்திட்டு ஈக்கிறா” என்றான். வாப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவர்கள் போன மாதமே, பிறை பன்னிரண்டில் கலியாணம், கூடாரம் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இவர் மாதத்தை முப்பது நாளாக எண்ணிக் கலண்டரில் செவ்வாய்க்கிழமையை வட்டமிட்டுவிட்டார். பிறை இருபத்தொன்பதிலேயே தெரிந்து, பிறை பத்தின் ஆஷூரா நோன்பும் ஒரு நாள் முந்தியது, அந்த நோன்பை நாமும்தான் பிடித்தோம், வட்டத்தை மாற்றத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஃபாஸில் அண்ணாந்து பார்த்து, “அந்தப் பைப்புக்குக் கீழ என்ட தங்கச்சி இரிக்கணும் நாநா, எஞ்சின் இல்ல” என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அஸருக்கு ஒரு மணித்தியாலம் கூட இல்லை. எஞ்சினைச் சீமெந்தில் இறக்கினால் பிறகு அதை எதில் தூக்கி எதில் ஏற்றுவது? வாப்பா என்னைப் பார்த்தார், பிறகு லொறியைப் பார்த்தார், “ஃபாஸில், லொறிய ரிவேர்ஸ் எடுங்க, எஞ்சினுக்குக் கீழ” என்றார்.

லொறியில் ஏற்கெனவே மணமக்கள் உட்காருவதற்கான தங்க நிறச் சோபா இருந்தது, பொலித்தீன் சுற்றி. அதன் பக்கத்தில் எஞ்சின் இறங்கியது, பைப்புகளைக் கழற்றி மேலே கட்டினார்கள். எஞ்சின் சாயாமல் பிடிக்க ஆள் வேண்டுமே, வாப்பா அந்தச் சோபாவிலேயே இருந்துகொண்டார், ஒரு கை அதன் தோளில். நான் முன்னால் ஃபாஸிலின் பக்கத்தில், கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு. பேராதனைச் சந்தியில் வாகனங்கள் நின்றபோது ஒரு முச்சக்கர வண்டிக்காரர், “மாப்புள, பொண்ணு எங்க?” என்று கத்த, வாப்பா எஞ்சினைத் தட்டி, “கறுப்புத்தான், குணமான புள்ள” என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் தெருவில் பகிடி விட்டு நான் கேட்டதில்லை. அரூஸ் பாஸ் கடையை அடைத்துக்கொண்டிருந்தார், பள்ளியில் பாங்கு தொடங்கிவிட்டது. லொறியை ஏற இறங்கப் பார்த்து, “எஞ்சினக் கொண்டு வரத்தான் சொன்ன, நிக்காஹ் முடிச்சுக் கொண்டு வரச் சொல்லல்ல” என்றார். ஆனால் ஷட்டரைத் திரும்ப உயர்த்தினார். எஞ்சினை உள்ளே இறக்கி வைத்து, வியாழன் என்றால் வியாழன் என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

வாப்பா கூடாரத்தைப் போட்டு முடிக்கும்வரை கலியாண வீட்டில் எனக்கு வட்டிலப்பம் தந்தார்கள், இரண்டு முறை. ஃபாஸிலின் உம்மாவுக்குக் கோபம் ஆறிவிட்டது, சோபாவில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு மகன், இரவு வேலை என்றால் கோப்பியோடு நிறுத்தாதே, தலைமுடியையும் வெட்டு, போன வீடியோவில் உன் நெற்றியையே காணோம்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். வழியில் வாப்பா, முதல் நாள் என்ன படிப்பிப்பார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். “வந்து எனக்கும் சொல்லு” என்றார்.

உன் கைபட்டதெல்லாம் பரக்கத்தாகட்டும், உன் வழியெல்லாம் அல்லாஹ் வெளிச்சமாக்குவானாக. சனிக்கிழமை இங்கே எட்டரைக்கு வகுப்பு, அங்கே உனக்கு ஆறு மணி. ஸுபஹ் தொழுதுவிட்டுத் தூங்கிவிடாமல் அதுவரை விழித்திருந்து எனக்காக ஒரு துஆ கேள். அந்த நேரம் நான் உள்ளே போய்க்கொண்டிருப்பேன்.

உன் உம்மா,
ருக்கியா